மதினி கொடுத்த டப்பாவும் ஐஸ் கம்பெனி நோட்டும்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எத்தனை பார் ஐஸ் போனது, எந்தப் படகுக்குப் போனது, யார் காசு கொடுத்தார், யார் அடுத்த நடைக்குத் தருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார், எல்லாம் என் நோட்டில் இருக்கும். 2022 ஆவணியில் ஒரு நாள் காலை, உடைக்கும்போது சிதறிய ஐஸ் துண்டு ஒன்று மேஜைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. எடுத்து வெளியே போடலாம் என்று வலது கையால் எடுத்தேன். சுட்டது. தோசைக்கல்லில் விரல் பட்டதுபோல் கையை உதறினேன். இடது கையால் எடுத்தால் சாதாரண ஐஸ். திரும்ப வலது கை. திரும்பவும் சுட்டது. லோடு ஏற்றுகிற தம்பி ஒருவன் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, ஐஸோட விளையாட்டு?" என்றான்.

அதற்கு முந்தைய வருஷம் கண்ணில் ஒரு பிரச்சினை வந்து போயிருந்தது. வலது கண்ணை உருட்டினால் வலி. பார்வை பனிமூட்டம். முக்கியமாக, சிவப்பு நிறம் செத்துப்போனது. இடது கண்ணுக்குக் குங்குமமாகத் தெரிவது வலது கண்ணுக்கு வெளுத்த செங்கல் மாதிரி தெரியும். மதுரையில் காட்டினோம், மருந்து கொடுத்தார்கள், ஒன்றரை மாதத்தில் தெளிந்தது. அதோடு மறந்துவிட்டேன். ஐஸ் சுட்டு இரண்டு மாதம் கழித்து, ஐப்பசியில், இரண்டு காலும் இடுப்பிலிருந்து மரத்தன. வயிற்றைச் சுற்றி யாரோ ஈரத்துணியை முறுக்கிக் கட்டியதுபோல் ஒரு பிடி. தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டில் கரண்ட் ஓடும். கணக்கு எழுதுகிறவள் குனியாமல் என்ன செய்ய?

எம்.ஆர்.ஐ., முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்த பரிசோதனை, இதேபோல் இருக்கும் இன்னொரு நோய் இல்லை என்று உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை. எல்லாம் முடிந்து நரம்பு டாக்டர் பேரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நம் அரசாங்கப் படிவங்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். நரம்புகளுக்கு மேல் மயலின் என்று ஒரு உறை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்த உறையை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. உறை போன இடத்தில் செய்தி தடுமாறும், தாமதமாகும், அல்லது ஐஸைச் சூடு என்று தப்பாகப் போய்ச் சேரும். டாக்டர் ஒயருக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை உதாரணம் சொன்னார். உப்புக்காற்றில் ஒயர் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரிக்கு விளக்கவே வேண்டியதில்லை.

ஐந்து நாள் ஸ்டீராய்டு, நாளைக்கு ஒரு கிராம் வீதம் டிரிப்பில். அதன்பிறகு தினமும் டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை. முதல் வாரம் 120 மில்லிகிராம் காலையும் இரவும், அப்புறம் 240. இந்த மருந்து இருக்கிற நோயைக் குணப்படுத்தாது, அடுத்த தாக்குதல்களைக் குறைக்கும். அதைத் தெரிந்துகொள்வதே பெரிய பாடு. ஏனென்றால் நன்றாக வேலை செய்கிற மருந்து என்றால், எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அதன் அடையாளம். நடக்காத ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்ட வீட்டில் யாருக்கு மனசு வரும்?

நடந்ததெல்லாம் பக்கவிளைவுதான். விழுங்கி அரை மணியில் முகமும் கழுத்தும் செம்பருத்தியாகச் சிவக்கும், எரியும். வயிறு பொருமும், பிசையும். டாக்டரிடம் சொன்னபோது வெறும் வயிற்றில் போடாதீர்கள், முட்டையோ தயிரோ ஏதாவது கனமாகச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்றார். முகச்சிவப்புக்கு மாத்திரைக்கு அரை மணி முன்னால் ஆஸ்பிரின், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். அந்த "மட்டும்" என் காதில் விழவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த நேரத்தில்தான் மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, ராமநாதபுரத்தில் இருக்கிறார். ஆட்களைச் சேர்த்து அவர்கள் மூலமாகப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. நான் படுத்துக் கிடந்த 20 நாளும் எனக்குச் சோறு வடித்தது அவர்தான். பையிலிருந்து இரண்டு டப்பா எடுத்து வைத்தார். ஒன்றில் என்சைம் மாத்திரை: அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமிலைன், பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பைன், டிரிப்சின், செராசியோபெப்டிடேஸ், ருட்டின். இன்னொன்றில் மஞ்சள் சாரமும் மிளகு சாரமும் சேர்ந்த கேப்ஸ்யூல், அதோடு அமுக்கராவும் இருந்தது. "நரம்புல ஒட்டிக்கிடக்குற அழுக்கையெல்லாம் இது அரிச்சு எடுத்துரும் புள்ள. எம்.ஆர்.ஐ.ல வெள்ளப் புள்ளியே இருக்காது" என்றார்.

அம்மா கறி ஆக்கிக்கொண்டிருந்தார். கிடாக்கறி முற்றலாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயைத் தட்டிப் போடுவது எங்கள் பக்கம் வழக்கம், பூப்போல வெந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏத்தா, கறியக் கரைக்கிறது உன் நரம்ப மட்டும் விட்டுவைக்குமாக்கும்?"

அன்று எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால், அந்த அறையில் என்சைம் என்றால் என்ன என்று சரியாகக் கேள்வி கேட்டது அம்மா ஒருத்திதான்.

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் பிழைப்பே அதுதான். சூடை மீனையும் சாளை மீனையும் நல்ல இரை தின்ற நேரத்தில் பிடித்து ஐஸ் போடாமல் வைத்தால் சில மணி நேரத்தில் வயிறு உடைந்துவிடும். அதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த கிருமி மட்டும் இல்லை. மீனின் குடலில் இரையைக் கரைக்க இருக்கும் என்சைம், மீன் செத்தபிறகு அதன் வயிற்றுச்சதையையே கரைக்கிறது. ஐஸ் அந்த வேலையை மந்தமாக்குகிறது. அதற்காகத்தான் நாங்கள் பார் விற்கிறோம். என்சைம் என்பது சத்து அல்ல, ஒரு வேலையாள். எந்த இடத்தில், எந்தச் சூட்டில், எதன்மேல் வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். வாயால் விழுங்கிய என்சைம் வயிற்று அமிலத்தைத் தாண்ட வேண்டும். அதனால்தான் அந்த மாத்திரைகளுக்கு மேலே அமிலத்தில் கரையாத பூச்சு பூசியிருக்கிறார்கள். தாண்டியபின் பெரும்பகுதி குடலிலேயே செரித்துவிடும். மிச்சம் ரத்தத்தில் கொஞ்சம் சேர்ந்தாலும், போன மயலினைத் திரும்பப் பூச அதற்குத் தெரியாது.

சரி, இதெல்லாம் பிறகு வந்த ஞானம். மார்கழி முதல் தேதி என்சைம் மாத்திரையை வெறும் வயிற்றில் காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று ஆரம்பித்தேன். கேப்ஸ்யூல் ராத்திரியில் இரண்டு.

ஒரு மாதத்தில் என் கால் திரும்பியது. பொய் இல்லை. படி ஏறினேன். கையில் ஐஸ் ஐஸாகவே இருந்தது. தையில் பொங்கல் வைக்க நானே குனிந்து அடுப்பு மூட்டினேன். மதினி ராமநாதபுரத்தில் பத்து வீட்டில் என் கதையைச் சொல்லி டப்பா விற்றார். ஒரு அம்மாவை என்னோடு போனில் பேசவும் வைத்தார். "ஆமாம்மா, நல்லாத்தான் கேக்குது" என்று நானும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு என்ன நோய் என்றுகூடக் கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிற விஷயம் அது.

இங்கேதான் என் நோட்டு வருகிறது. டாக்டர் அறிகுறிகளைக் குறித்துவைக்கச் சொன்னதால், ஐஸ் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்திருந்தேன். ஒரு நாளுக்கு ஒரு வரிதான். கால் பலம் பத்துக்கு எவ்வளவு, காலையிலும் மாலையிலும். அப்புறம் ஆபீஸில் தொங்கும் தினசரி காலண்டரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, தேதி தெரிகிறதா, ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு சிவப்பாக இருக்கிறதா. புதிதாக எதையாவது ஆரம்பித்தால் பக்கத்தில் ஒரு சுழி.

சித்திரை பிறந்ததும் மாலை மதிப்பெண் இறங்கத் தொடங்கியது. 8, 7, 5. சில நாளில், மாலை நான்கு மணிக்குக் காலண்டர் தேதி வலது கண்ணுக்குக் கரைந்தே போனது. பயந்துபோய் மதினியைக் கூப்பிட்டேன். "அளவு பத்தல, கூட்டிப் போடு" என்றார். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து ஆக்கினேன். ஒரு டப்பா 2,800 ரூபாய். அந்த மாதம் மூன்று டப்பா போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஐஸ் கணக்கு, பின்பக்கம் என் கணக்கு. அப்போதுதான் கண்ணில் பட்டது. சித்திரை 2ஆம் தேதி முதல், அதாவது ஏப்ரல் 15லிருந்து, மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது. கம்பெனியில் நாட்டுப்படகுகளுக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ், மற்ற மெஷினெல்லாம் நிறுத்தம். வருஷம் முழுக்க என் மேஜை இருந்த அறை ஐஸ் கிடங்கின் குளிரில் இருந்தது. தடைக்காலத்தில் அது வெறும் தகரக் கொட்டகை. காலை மதிப்பெண்கள் இறங்கவே இல்லை, 8லேயே நின்றன. இறங்கியது மாலை மட்டும். அதுவும் நடுவில் மழை பெய்த இரண்டு நாள் மாலையும் 8.

மார்கழியில் என்னை நிமிர்த்தியதும் என்சைம் இல்லை, சித்திரையில் விழத்தட்டியதும் என்சைம் பற்றாக்குறை இல்லை. மார்கழியில் வாடைக்காற்று. அதோடு ஸ்டீராய்டு போட்டு ஆறேழு வாரம் ஆகியிருந்தது. இந்த நோயில் ஒரு தாக்குதல் வந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே பெருமளவு தணியும். அப்படித் தணிகிற நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்கே பெயர் கிடைக்கும். கருப்பட்டிக் காப்பி குடித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெயிலில் மங்குவதற்கு ஒரு பெயரே இருக்கிறது. ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் எழுதிவைத்தது. உறை உரிந்த நரம்பு, உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தியைத் தவறவிடும். சூடு இறங்கினால் பார்வை திரும்பும். புதிய சேதம் எதுவும் நடப்பதில்லை. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முந்தைய காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்தே இந்த நோயைச் சந்தேகித்தார்களாம். எங்கள் ஊரில் தொட்டி தேவையில்லை. சித்திரையில் பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றால் போதும்.

இதை யோசித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது. தொடையிலும் முழங்கையிலும் நீல நீலமாக ரத்தம் கட்டியிருந்தது. மேஜையில் லேசாக இடித்தாலும் கன்னிப்போனது. அந்த வாரமே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் வந்தது. ரிப்போர்ட் போனில் வர, என் வீட்டுக்காரர் வாய்விட்டுப் படித்தார்: "லிவர் என்சைம் ஏறியிருக்குன்னு போட்ருக்கு." எஸ்.ஜி.பி.டி. 142. போன தடவை 38.

மதினி அன்று வீட்டில் இருந்தார். முகம் மலர்ந்துபோனது. "நான்தான் சொன்னேன்ல? அஞ்சு மாசத்துல என்சைம் எப்படி ஏறிருக்கு பாத்தியா!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எஸ்.ஜி.பி.டி.யும் என்சைம்தான், ஆனால் அது கல்லீரல் செல்லுக்கு உள்ளே இருக்க வேண்டியது. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். சாளையின் வயிறு உடைந்த கதைதான். ரத்தத்தில் அதன் அளவு ஏறினால் கல்லீரலில் ஏதோ சரியில்லை என்று பொருள். ஒரே வார்த்தை இரண்டு வேறு பொருள் தருவதால், டப்பாவை நம்புகிறவருக்கு ஆபத்து மணியே கல்யாண மேளமாகக் கேட்கிறது.

மறுநாள் மதுரை. பாம்பன் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றிருந்த சமயம் அது. மண்டபத்திலிருந்தே கிளம்பிய வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டில் நான் விழுங்குகிற எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனேன். டாக்டர் மேஜையில் கொட்டினார். இரண்டு டப்பா, ஆஸ்பிரின் அட்டை, என் மாத்திரை. ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவின் பின்னால் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஆஸ்பிரின் இன்னுமா போடுறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

புரோமிலைனுக்கு ரத்தம் உறைவதைக் குறைக்கும் குணம் உண்டு. ஆஸ்பிரினுக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் என் தொடையில் இருந்த நீலம்தான். கல்லீரல் விஷயத்தில் அவர் அப்படி அடித்துச் சொல்லவில்லை. டைமெத்தில் ஃபியூமரேட்டும் சிலருக்கு ஏற்றும், மிளகு சாரத்தோடு சேர்ந்த மஞ்சள் சாரமும் ஏற்றும், அமுக்கராவும் ஏற்றும். மூன்றையும் சேர்த்து விழுங்கிய எனக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு சரியாக இருந்ததால் என் மருந்தை நிறுத்தாமல், டப்பா இரண்டையும் ஆஸ்பிரினையும் முதலில் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து 88. ஆறு வாரத்தில் 41. நீலமும் மறைந்தது.

குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். மிளகு சாரத்தைச் சேர்ப்பதே மஞ்சள் சாரம் ரத்தத்தில் அதிகமாக ஏற வேண்டும் என்றுதான். ஏறினால் கல்லீரலுக்கும் அதிகம்.

என்சைமைப் பற்றி நான் கேட்டதற்கு அவர் சொன்னது இது. இந்த யோசனை வெறும் கட்டுக்கதை இல்லை. 1999இல் சுண்டெலிகளுக்கு இதேபோன்ற நோயை வரவழைத்து, புரோமிலைன், டிரிப்சின், ருட்டோசைடு (ருட்டினின் இன்னொரு பெயர்) கலந்த மருந்தைக் கொடுத்தபோது நோய் தடுக்கப்பட்டது. அதனால் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 300க்கும் மேற்பட்ட நோயாளிகள், இரண்டு வருஷம், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2005இல் முடிவு வெளியானது. எம்.ஆர்.ஐ.யிலும் வித்தியாசம் இல்லை, தாக்குதல்களிலும் இல்லை. மதினியின் நிறுவனம் கொடுத்த வண்ணத்தாளில் எலிகள் இருந்தன. 2005 இல்லை. செராசியோபெப்டிடேஸும் அப்படித்தான். பட்டுப்புழுவின் குடலில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. நம் ஊரில் பல் பிடுங்கினாலே எழுதிக் கொடுப்பார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை என்று ஜப்பானில் 2011இல் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

கீழக்கரையில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய வாப்பாவுக்கு வேறு ஒரு நோய்க்காக இதே டப்பாவை யாரோ கொடுத்திருந்தார்கள். டிரிப்சின் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது என்று நான் சொன்னதும் டப்பா அன்றே தெருவுக்குப் போனது. டப்பாவில் அது எழுதியிருக்கவில்லை. எனக்கு இது பெரிய விஷயமில்லை, அவர்களுக்குப் பெரிய விஷயம். வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்சைமே வேண்டாமா? செரிமான மாத்திரை ஒன்று இன்னும் என் பையில் இருக்கிறது, டாக்டருக்குத் தெரிந்தே. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்ட நாளில் ஒன்று போட்டால் வயிறு லேசாகிறது. அது என் நோய்க்கு இல்லை, என் வாய்க்கு. தினப்படி வயிற்றுத் தொந்தரவு போனது, டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில் போடப் பழகியதிலும், ஒன்றரை மாதம் பொறுத்ததிலும்தான்.

மலச்சிக்கலுக்கும் என்சைம் நல்லது என்று மதினி சொல்லியிருந்தார். உண்மையான காரணத்தை அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். இந்த நோயில் சிறுநீர் அவசரம் உண்டு. வந்தால் உடனே போயாக வேண்டும். கம்பெனியில் பெண்களுக்கு என்று இருந்த கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். மலம் இறுகியது. போன வருஷம் சிறுநீரில் கிருமித்தொற்றும் வந்து, காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டன. புதிய தாக்குதல் என்று நினைத்து மதுரைக்கு ஓடினோம். தொற்றுக்கு மருந்து கொடுத்ததும் மூன்றாம் நாள் எழுந்து நடந்தேன். காய்ச்சல் இல்லாமல், தொற்று இல்லாமல், புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் அது புதிய தாக்குதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், காய்ச்சல் இருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை என்று அன்றுதான் சொன்னார்கள். திரும்பி வந்து முதலாளியிடம் தாழ்ப்பாள் கேட்டேன். 90 ரூபாய். அந்தத் தாழ்ப்பாள் செய்த நன்மையை எந்த டப்பாவும் எனக்குச் செய்யவில்லை. இப்போது இரண்டு மணிக்கொரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்துப் போய்விட்டு வருகிறேன். தண்ணீரும் குடிக்கிறேன்.

வெயிலுக்கு நான் செய்வது ரொம்பச் சாதாரணம். கொஞ்சம் ஐஸைத் தட்டி பிளாஸ்கில் போட்டு வைத்திருப்பேன். வெளியே கிளம்பக் கால் மணி முன்னால் ஐஸ்தண்ணீர் மெதுவாகக் குடிப்பேன். நனைத்த துண்டு கழுத்தில். பேங்க் வேலை, ரேஷன் எல்லாம் பத்து மணிக்குள். தடைக்காலத்தில் மேஜையை வடக்குப் பக்கம் மாற்றிக்கொள்கிறேன், பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணையிலிருந்து வருகிற காற்று அந்த ஜன்னலில்தான் நுழையும். தென்பக்கத்து ஆண் கடலான மன்னார் வளைகுடாவின் காற்றைத் தகரச்சுவர் மறைத்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: குளிர் நல்லது என்று ஐஸ் கிடங்குக்குள்ளேயே போய் நின்றேன் ஒரு நாள். பத்து நிமிஷத்தில் கால் மரக்கட்டையாக இறுகிவிட்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி வந்தார்கள். சூட்டில் துவளும், குளிரில் விறைக்கும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதை ஒவ்வொருவரும் அவரவர் உடம்பில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அடையாள அட்டைக்குப் போன முகாமில், "நடந்துதானே வந்தீங்க?" என்று கேட்டார்கள். மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றேன். அட்டை மூன்றாம் தடவை போனபோது கிடைத்தது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். முகாமில் இருந்த டாக்டர், ரிப்போர்ட்டைவிட நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

புதிதாக யாராவது எதையாவது கொண்டுவந்து கொடுத்தால், வேண்டாம் என்று சொல்வதில்லை. உறவுக்காரர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. "டாக்டர்ட்ட காட்டிட்டு ஆரம்பிக்கிறேன்" என்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன். டாக்டர் சரி என்றால் ஒரு சமயத்தில் ஒன்றுதான். ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, பின்னால் ஒன்று. நோட்டில் ஒரு சுழி. எந்தக் காரணம் கொண்டும் டைமெத்தில் ஃபியூமரேட்டை நானாக நிறுத்துவதில்லை. டப்பா சாப்பிட்ட காலத்தில் அதையும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. "அது இங்கிலீஷ் மருந்து, சூடு, நிறுத்திரு" என்று மதினியின் மேலாளர் போனில் சொன்னார் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ராமநாதபுரத்து அம்மாவை மதினியிடம் நம்பர் வாங்கி நானே கூப்பிட்டேன். அவருக்கு முழங்கால் வலிதான். ஆனால் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். என்சைம் டப்பா பாதி காலி. ஒரு கணம் என்னால் எதுவும் பேச முடியவில்லை. டாக்டரிடம் உடனே காட்டுங்கள், அதுவரை டப்பாவைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். காட்டினார், நிறுத்தினார், நன்றாக இருக்கிறார்.

மதினி போன மாசி மாதம் ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே விற்காத டப்பாக்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு. தன் பணம் எவ்வளவு போனது என்று கணக்குப் பார்த்துத் தரச் சொன்னார். ஐஸ் கம்பெனி மேஜையில் உட்கார்ந்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதினேன். 64,300 ரூபாய் கைநஷ்டம். அதில் என்னிடமிருந்து வாங்கிய டப்பாப் பணத்தை வரவில் எழுதவா என்று கேட்டேன். "அத எழுதாத புள்ள" என்றார். எழுதவில்லை. பிளாஸ்கிலிருந்து இரண்டு பேருக்கும் ஐஸ்தண்ணீர் ஊற்றினேன். மணி நான்கு. காலண்டரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், தேதி தெரிந்தது.